திருகு இல்லாத பெட்டிகள்

என் வீட்டுக்காரருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் நாங்கள் வாங்கிய சாமான்களைப் பற்றி நான் சொல்லப்போவது புரியும். இல்லாவிட்டால், கடையில் நல்ல சாமான் இருக்கும்போது இந்த முட்டாள்கள் ஏன் இதைப் போய் வாங்கினார்கள் என்று கேட்பீர்கள். அப்போதும் பலர் கேட்டார்கள். நாங்கள் முட்டாள்கள் இல்லை.

மலாக்கா டவுனில் ஒரு சினிமாக் கொட்டகையில் அவருக்குப் படம் ஓட்டும் வேலை. அந்தக் காலத்து மெஷினில் கரிக்குச்சி இரண்டு எரியும். அந்த வெளிச்சத்தை வருஷக்கணக்கில் பார்த்ததால் கண் கெட்டதா, அவர் வாங்கி வந்த வரமே அப்படியா என்று டாக்டர் எதுவும் தெளிவாகச் சொல்லவில்லை. மருந்து இல்லை என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

எனக்கே அது தெரிந்தது மெர்டேக்காவுக்கு, மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம்தான். சுதந்திரம் எந்தத் தேதியில் வரும் என்று நம் மலாக்கா திடலில்தான் அறிவித்தார்கள். ஊரே போனது. இவரும் போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றாமல் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் உட்கார்ந்தார். தலைவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டேன்.

"மேடைக்குக் கிட்டத்துலதான் நின்னேன் புள்ள. ஒரு மூஞ்சியும் தெரியல. ஆனா கொரலு மட்டும் பக்கத்துல ஒக்காந்து பேசுற மாதிரி கேட்டுச்சு."

கிட்டத்தில் நின்றவருக்கு ஏன் முகம் தெரியவில்லை என்று யோசித்தபடியே சோற்றைப் போட்டு வைத்தேன். அவர் கை சோற்றுத் தட்டைத் தேடியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னார். கொட்டகைக்காரருக்குத் தெரிந்தால் மறுநாளே வேலை போய்விடும். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இருப்பது வாடகை வீடு. வேறு யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். கொட்டகைக்காரர் கண்டுபிடிப்பதற்குள் கண் வேண்டாத ஒரு வேலையை, காதை வைத்தே பிழைக்கிற வேலையைத் தேடிக்கொள்ள வேண்டும்.

அந்த வேலையை அவரே யோசித்து வைத்திருந்தார். சிங்கப்பூரில் அப்போது கம்பி ரேடியோ என்று ஒன்று இருந்தது. ஒரே இடத்தில் பெரிய ரேடியோ செட்டை வைத்து, அதன் சத்தத்தை ஆம்பிளிஃபையரால் பெருக்கி, கம்பி வழியாக வீட்டுக்கு வீடு அனுப்புவார்கள். வீட்டில் செட்டெல்லாம் வேண்டாம். சுவரில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்தால் போதும். மாதாமாதம் சந்தா. ரேடியோ செட் வாங்கும் வசதி எங்கள் காஜா பேராங் கம்பத்தில், அந்தச் சின்ன ஊரில், ஓரிரண்டு வீடுகளுக்குத்தான் இருந்தது. அதனால் இங்கே இந்தத் தொழில் நிலைக்கும் என்றார். உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டுக்கொண்டே செய்கிற வேலை. சத்தத்தில் சின்னக் கீறல் விழுந்தாலும் கொட்டகையில் எழுந்துவிடுகிறவர் அவர். எனக்கும் நம்பிக்கை வந்தது. என் அட்டிகையைக் கழற்றிக் கொடுத்தேன். அதைப் பற்றி இனிப் பேசப்போவதில்லை.

சடக்கு என்று நாங்கள் சொல்லும் பெரிய ரோட்டைத் தாண்டிக் கம்பி இழுக்க அனுமதி வாங்க அலைந்தது தனிக் கதை. வாங்கிய பிறகு சாமான் பார்க்க டவுனுக்குப் போனோம். ஆற்றோரம் ஒரு சீனர் கடை. கடை முதலாளி, தவுக்கே என்போம், வயசானவர், கொட்டகைக்கு வால்வு, ஒயரெல்லாம் அவர் கடையிலிருந்துதான் போகும். என் வீட்டுக்காரரை நன்றாகத் தெரியும். பொம்பளையைக் கூட்டிக்கொண்டு ஆம்பிளிஃபையர் வாங்க வந்த ஆள் நீ ஒருத்தன்தான் என்று மலாயில் கேலி செய்தார். கண்ணாக நான் வந்திருக்கிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

ஆம்பிளிஃபையரைத் தேர்ந்தெடுத்தது பார்க்க வேண்டிய காட்சி. நாலைந்தை வரிசையாக வைத்து ஒரே இசைத்தட்டைப் போடச் சொன்னார். ஒவ்வொன்றின் முன்னாலும் ஸ்பீக்கர் துணிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றார். தவுக்கே பெரியதையே தள்ளிவிடப் பார்த்தார். கோயில் திருவிழாவுக்கு ஆகும், கல்யாணத்துக்கு ஆகும், போட்டால் அடுத்த ஊர் புக்கிட் பாரு வரைக்கும் கேட்கும் என்றார்.

"புக்கிட் பாருக்காரனுக்கு எதுக்குச் சும்மா கேக்கணும்? சந்தா கட்டட்டும்" என்றார் இவர்.

தவுக்கே சிரித்தார். பெண் பார்க்க வந்தவன்கூட இவ்வளவு நேரம் எடுக்க மாட்டான் என்றார். கடைசியில் இவர் எடுத்தது நடுத்தரமான ஒன்று. அதில் குரல் குரலாக இருந்தது. அந்தத் தேர்வில் இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது பெட்டிகள். இரண்டு வகையைக் காட்டினார். ஒன்றில் முன்னால் திருகு இருந்தது. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒரேயடியாக நிறுத்தலாம். இன்னொன்று வெறும் மரப்பெட்டி. நடுவில் வட்டமாக ஓட்டை, அதன்மேல் துணி. திருகு ஒன்றும் கிடையாது. கம்பியில் சத்தம் வந்தால் பேசும், வராவிட்டால் ஊமை. விலை வித்தியாசம் பெரிதில்லை.

இவர் திருகு உள்ளதை எடுத்து விரலால் தடவினார். பின்பக்கம் திறந்து பார்க்கச் சொன்னார். உள்ளே மயிர் போன்ற ஒயர்கள். ஈயம் பற்றவைத்த புள்ளிகள், எள்ளளவு. என்னிடம் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"திருகு இருந்தா புள்ளைங்க திருகும். திருகுனா கெடும். கெட்டா பிரிச்சுப் பாக்கணும். நான் எத வெச்சுப் பாக்குறது?"

திருகு இல்லாததையே எடுத்தோம்.

கடைசியாகத் தவுக்கே ஒரு பலகையைக் கொண்டுவந்தார். சின்னச் சின்ன சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. கம்பத்தில் எத்தனை சந்து இருக்கிறதோ அத்தனை கம்பியைத் தனித்தனியாக இழுத்து இந்தப் பலகையில் சேர்த்தால், வேண்டிய சந்துக்குச் சத்தம் விடலாம், வேண்டாததை நிறுத்தலாம். எந்தக் கம்பி எந்தச் சந்துக்கு என்று தெரிய சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒயர்களுக்கு நிறம். தவுக்கே நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கடை வெளிச்சத்தில் அவருக்கு எல்லாமே சேற்று நிறம் என்று எனக்குத் தெரியும்.

வேண்டாம் என்றார். ஒரே கம்பி போதும், எங்கள் வீட்டில் தொடங்கி மணி கோத்தது மாதிரி வீடு வீடாகப் போகட்டும் என்றார். ஒரே கம்பி என்றால் விரலால் தடவிக்கொண்டே கடைசி வரைக்கும் போய்விடலாம், அதுதான் காரணம். தவுக்கே விடவில்லை. இப்போது விட்டால் பிறகு வருந்துவாய் என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், காசு போதவில்லை போல என்று இருந்தது. இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இல்லாதவள் என்று ஒருவர் என்னை நினைக்கும்படி நான் நின்றது அன்றைக்கு ஒரு நாள்தான்.

எங்கள் பக்கத்து வீடு மலாக்காச் செட்டிமார் வீடு, பல தலைமுறைக்கு முன்னால் வந்து இந்த ஊரோடு கலந்துவிட்டவர்கள். அந்தச் சந்தே பெரும்பாலும் அவர்கள்தான். கோயில், குளம், திருநீறு எல்லாம் நம்மைப் போல. பேச்சு மட்டும் மலாய். பக்கத்து வீட்டு அம்மா பலகாரம் செய்து விற்பாள், எப்போதும் மலாய்ப் பெண்கள் மாதிரி சாரோங் கெபாயாதான் உடுத்துவாள். அவள் மலாயில் பேசுவாள், நான் தமிழில் பேசுவேன், சண்டை வந்தாலும் இருவருக்கும் எல்லாம் புரியும். என்னை அக்கா என்பாள். முதல் பெட்டி அவள் வீட்டுக்குத்தான். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னாள். அங்கிருந்து கம்பி அவர்கள் சந்து முழுக்க ஓடி, சடக்கைத் தாண்டி, அந்தப் பக்கத்துத் தமிழர் வீடுகளுக்குப் போனது.

முதல் நாள் சாயங்காலம் எல்லாப் பெட்டியும் ஒன்றாகப் பேசின. சந்தில் நடந்தால் பாட்டு அறுபடவில்லை, ஒரு வீட்டில் விட்ட வரியை அடுத்த வீடு எடுத்துக் கொடுத்தது. தமிழ் நேரத்தில் தமிழ், மலாய் நேரத்தில் மலாய் என்று பேச்சு. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எங்கள் வீட்டிலிருந்த ஒரே திருகுதான். சந்து முனையில் ஒரு செட்டிக் கிழவர் இருந்தார். அவர் வந்து, எப்போது தூங்குவது என்று இனிமேல் நீதான் எங்களுக்குச் சொல்லணுமா என்று இவரைக் கேட்டார்.

"சொல்லுங்க தாத்தா, நீங்க கொட்டாவி விட்டதும் நிறுத்திடுறேன்."

"நான் மத்தியானமே கொட்டாவி விடுவேன்" என்றார் அவர்.

பகலில் நான் செட்டைப் பார்த்துக்கொண்டேன். கொட்டகை இல்லாத நேரத்தில் இவர் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். அந்தக் கொஞ்ச மாதம் அவர் முகம் தெளிவாக இருந்தது. சடக்குக்கு அந்தப் பக்கம் இன்னும் சில வீடுகள் சேர்ந்தால் கொட்டகை வேலையைத் தானே விட்டுவிடலாம், யாரும் துரத்துவதற்கு முன் மரியாதையாக வந்துவிடலாம் என்றார்.

அப்போது அந்தக் கிழவர் செத்துப்போனார்.

சாமான் வாங்கும்போது நாங்கள் என்னென்னவோ யோசித்தோம். இடி, மழை, எலி, தென்னை மட்டை விழுவது எல்லாம் யோசித்தோம். சாவை யோசிக்கவில்லை. சந்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கருமாதி முடியும்வரை அந்தச் சந்தில் பாட்டுச் சத்தம் கேட்கக்கூடாது. அது செட்டிமாருக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. பக்கத்து வீட்டு அம்மா வந்து வாசலில் நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே இவர் எழுந்துபோய் ஆம்பிளிஃபையரை அணைத்துவிட்டார்.

அவர்கள் வீட்டுப் பெட்டிகளை நிறுத்தத் திருகு இல்லை. அந்தச் சந்தை மட்டும் நிறுத்தப் பலகை இல்லை. சந்துக்குள் கம்பியை வெட்டினால் அதற்கு அப்பால் இருக்கிறவர்களுக்கும் சத்தம் போகாது. அவர்களுக்குத்தான் யாரும் சாகவில்லையே. முதல் நாள் பொறுத்தார்கள். பிறகு ஆள் விட்டுக் கேட்டார்கள். எங்கள் பெட்டிக்கு என்ன தீட்டு என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், கிழவரை எங்கள் வீட்டுக் கணக்கிலும் சேர்த்துவிட்டீர்களா என்று கேட்டுச் சிரித்தார். அந்தக் கருமாதி முடிவதற்குள் சில பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன.

அந்த மழைக்காலத்தில் கம்பத்தில் காய்ச்சல் பரவியது. சந்தில் மறுபடியும் ஒரு சாவு. மறுபடியும் அணைத்தோம். இந்தத் தடவை இவர் சும்மா இருக்கவில்லை. மீதிக் கம்பியை எடுத்து, சந்துக்குப் பின்னால் தென்னை வரிசை வழியாகத் தனியாக இழுத்துச் சடக்குக்கு அந்தப் பக்கம் சேர்த்துவிடலாம் என்றார். கம்பி நீளம் போதவில்லை. பழைய துண்டுகளை முடிந்து சேர்த்தார். ஏணியில் ஏற அவரால் முடியாது, அதைச் சொல்லவும் முடியாது. நான் சேலையைச் சொருகிக்கொண்டு ஏறினேன். சந்தில் பொம்பளைகள் வந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி, இளநீர் விழுந்தால் எங்களுக்கும் ஒன்று என்றாள். உன் தலையில்தான் விழும் என்று மேலிருந்தே சொன்னேன்.

கம்பியைக் கட்டி இறங்கி, வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை. கீழே உட்கார்ந்து விரலால் தடவித் தடவி அவர் முடிந்த முடிச்சு ஒன்றில் இரண்டு இழையும் ஒன்றையொன்று தொட்டிருந்தது. கண் உள்ளவன் அதைப் பார்த்த உடனே பிரித்திருப்பான். வால்வு போனது, உள்ளே இன்னும் என்னென்னவோ போனது. தனிக் கம்பியைக் கழற்றி மரத்திலேயே விட்டுவிட்டு, மறுபடி பழைய ஒரே கம்பிக்கே வந்தோம். தவுக்கே கடைக்கு மறுபடி நடந்தோம். பழுது பார்த்துக் கொடுத்தார். கிளம்பும்போது அதே பலகையைத் துடைத்து மேசைமேல் வைத்து, இப்போதாவது வாங்கு என்றார். கேலியாக இல்லை, கரிசனமாகத்தான் சொன்னார். இவர் பலகை இருந்த பக்கம் பார்க்காமல், அது இல்லாத ஒரு பக்கமாகப் பார்த்து, "வேணாம் தவுக்கே" என்றார். தவுக்கே இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றைக்குப் புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

ஆனாலும் மிச்சமிருந்த வீடுகள் பெட்டியைக் கழற்றவில்லை. மெர்டேக்கா வருகிறது, சுதந்திரம் என்று சொல்வதைச் சொந்த வீட்டிலிருந்து கேட்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். திருப்பித் தந்தவர்கள்கூட மறுபடி வந்து கேட்டார்கள். அன்றைக்குக் காலையில் எல்லாப் பெட்டியும் பேசிவிட்டால் போதும், அதற்குப் பிறகு தொழில் நிலைத்துவிடும் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏனென்றால் கண்ணில் மிச்சமிருந்ததும் அப்போது போய்க்கொண்டிருந்தது. கொட்டகை மாடிப்படியை எண்ணித்தான் ஏறுகிறேன் என்று ஒரு நாள் சொன்னார்.

மெர்டேக்காவுக்குச் சில நாள் முன்னால் பக்கத்து வீட்டு அம்மாவின் தாயார் இறந்துபோனார்.

எடுத்து முடியும்வரை இருந்து, செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். அதன் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் யார் வீட்டிலும் போய் எதுவும் கேட்டவள் இல்லை. உப்புக்கூடக் கேட்டதில்லை. அவள் வீட்டுக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தொடங்கியதும் கையை நிறுத்திவிட்டாள். இவர் கண்ணைப் பற்றி அவளிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. மெர்டேக்கா காலையில் கொஞ்ச நேரம் மட்டும், பாட்டு வேண்டாம், பேச்சு மட்டும் என்றேன்.

அவள் அரிசியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு மலாயில் சொன்னாள். அதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

"அம்மாவ எடுத்த எடத்துல ஈரம்கூடக் காயல அக்கா. நீ கேட்டா நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்னு ஒனக்குத் தெரியும். போட்டுக்கோ. சந்துல யாரும் கேட்டா நான் பேசிக்கிறேன்."

அந்தக் காலையில் வெளியே சடக்கில் கொடி கட்டிய சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. இவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, செட்டைப் போட்டுச் சத்தத்தை மெல்ல வைத்துச் சரிபார்த்தார். ஆம்பிளிஃபையர் சூடாகிவிட்டது. கம்பிக்குச் சத்தத்தை விடுகிற சுவிட்சில் கை வைத்தவர், திரும்பாமலே என்னைக் கேட்டார்.

"அவ வீட்ல பொட்டி எங்க மாட்டுனோம்?"

"சாமி மாடத்துக்கிட்ட."

"இப்ப அங்க என்ன இருக்கு?"

"அவ அம்மாவுக்கு வெளக்கு வெச்சிருக்கா. போய் அந்தப் பொட்டிய மட்டும் கழட்டிட்டு வந்துடவா?"

"அத கழட்டுனா அடுத்த வீட்டுது கேக்கும். பலகைச் சுவரு" என்றார்.

கையை எடுத்துவிட்டார்.

போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் செட்டில் பேச்சு மெல்லக் கேட்டது. அவர் காதை அதன் துணியில் ஒட்டி வைத்துக்கொண்டார். சடக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, செட்டு பேசுகிறது, எங்கள் பெட்டி ஏன் பேசவில்லை என்று கேட்டார். திட்டிவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு ரேடியோ இருந்த கோப்பிக் கடைக்குப் போனார். சுதந்திரம் என்று சொன்ன நேரத்தில் கோப்பிக் கடைப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. எங்கள் சந்தில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டில் அவள் நடக்கிற பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. பெட்டி ஏன் பேசவில்லை என்று அவளும் காத்திருந்திருப்பாள்.

அந்த வாரமே பெட்டிகள் திரும்பி வந்தன. கையில் கொடுக்கக்கூட மனமில்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் கதவைத் திறந்தால் ஒன்று இருக்கும்.

கொட்டகையிலும் தெரிந்துபோனது. படச் சுருள்களை வரிசை மாற்றி ஓட்டிவிட்டார். செத்த வில்லன் மறுபடி குதிரையில் வந்தான் என்று ஜனங்கள் விசிலடித்தார்களாம். கொட்டகைக்காரர் மாடிக்கு ஏறிவந்து, டார்ச்சை இவர் முகத்துக்கு நேராக அடித்தாராம். இவர் கண்ணைச் சிமிட்டவில்லை. அன்றைக்கு இவரோடு வேலை செய்தவன் இவரைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

ஆம்பிளிஃபையர் கல்யாண ஒலிபெருக்கிக்காரனுக்குப் போனது. நான் பலகாரத்துக்கு மாவிடித்தேன், பிறர் வீட்டுத் துணி துவைத்தேன், பெண்களை வளர்த்தேன். அதில் எனக்குக் குறைவில்லை. யார் முன்னாலும் குனிந்து நின்றதில்லை. அவர்தான் எழுந்திருக்கவே இல்லை. செட் இருந்த மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ரேடியோ வைக்கவா என்றால் வேண்டாம் என்பார்.

கம்பியை மட்டும் யாரும் வாங்கவில்லை. ஒட்டுப்போட்ட கம்பி. நானே மறுபடி ஏணி வைத்து அதை இறக்கினேன். பின்வாசலிலிருந்து கிணற்றடிக்கும், கிணற்றடியிலிருந்து பக்கத்து வீட்டு வேலி வரைக்கும் இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டினேன். பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னேன்.

"என்ன மாடுன்னு நெனச்சியா?" என்றார். பல நாள் அதைத் தொடவில்லை. விழுந்து விழுந்து எழுந்தார். பிறகு தொட்டார். பிறகு அது இல்லாமல் நடக்கவில்லை. அவர் பிடிக்கிற இடமெல்லாம் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது.

பக்கத்து வீட்டு அம்மா தன் பெட்டியைத் திருப்பித் தரவே இல்லை. சாமி மாடத்துக்குப் பக்கத்தில் அது அப்படியே தொங்கியது. சாயங்காலத்தில் இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலிவரை போவார். அங்கே கம்பி முடிந்துவிடும். அவள் வீட்டுப் பலகைச் சுவரைப் பார்த்து நிற்பார். சோறு வைத்துவிட்டு நான் போய்க் கூப்பிட்டால்தான் திரும்புவார்.